அப்பனுக்கும் மகனுக்கும் நடுவில் ஒரு ஏ

பீளமேட்டுப் பக்கம் பம்பு கம்பெனிக்குப் பெயர் வைப்பது ஒன்றும் கம்பசூத்திரம் இல்லை. குடும்பத்தில் ஆளுக்கு ஓர் ஆங்கில எழுத்தைப் பிடித்து வரிசையில் நிறுத்தி, நடுநடுவே புள்ளி வைத்து, போர்டில் பெயிண்ட் அடித்துவிட்டால் தீர்ந்தது. நரசிம்மலுவும் அவருடைய அண்ணன் பார்த்தசாரதியும் முப்பது வருஷத்துக்கு முன்னால் ஆரம்பித்த கம்பெனிக்கும் அப்படித்தான் பி.என். பம்ப்ஸ் என்று பெயர் வந்தது. பி என்றால் அண்ணன். அடுத்தது தம்பி.

சண்டை வந்து பிரியும்போது பார்த்தசாரதி, "முதல் எழுத்து என்னுது, அப்போ கம்பெனியும் என்னுது" என்று ஒரே போடாகப் போட்டார். சிரித்துவிட்டுப் போகவேண்டிய பேச்சு. ஆனால் பஞ்சாயத்துப் பேச உட்கார்ந்த நாலு பெரிய மனிதர்களும் அதில் நியாயம் இருப்பதாகத் தலையை ஆட்டினார்கள். அவரவர் கம்பெனியில் முதல் எழுத்து அவரவருடையது, பின்னே ஆட்டாமல் என்ன செய்வார்கள்? போர்டு அண்ணனுக்குப் போயிற்று. தம்பிக்குப் பாதி லேத்துகளும் பின்பக்கத்து ஷெட்டும் கிடைத்தன. கூடவே, எழுத்து இருந்தால் பங்கு உண்டு என்ற பாடமும் கிடைத்தது. அதைத்தான் அவர் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார்.

லேத்துகளோடு சேர்ந்து அன்புக்கரசியும் தம்பி பங்குக்கு வந்தாள்.

அன்புக்கரசி தபாலில் படித்து ஆங்கிலத்தில் எம்.ஏ. வாங்கியவள். கென்யாவுக்கும் வங்கதேசத்துக்கும் போகிற கடிதங்கள், பம்போடு பெட்டிக்குள் போகிற விளக்கப் புத்தகம், ஏற்றுமதிக் காகிதங்கள் எல்லாம் அவள் கைப்பட்டுத்தான் போகும். ஆறு வருஷமாக இந்த வேலை. ஆறு வருஷமாகத் தற்காலிகம். தினமும் காலையில் வாட்ச்மேன் ஐயாசாமி நீட்டுகிற கான்ட்ராக்ட் நோட்டில், லோடு இறக்குகிறவர்களின் கைநாட்டுக்குக் கீழே அவள் கையெழுத்துப் போடவேண்டும். காய்ச்சல் வந்தால் சம்பளம் கிடையாது. பிரசவத்துக்குப் போனபோது வேலையே கிடையாது. குழந்தைக்கு மூன்று மாதம் ஆனதும் மறுபடி புதிதாகச் சேர்ந்துகொண்டாள். அவளுக்கு வேண்டியது ஒரு தாள். வேலை நிரந்தரம் என்று முத்திரை குத்திய ஒற்றைத் தாள். ஒவ்வொரு தீபாவளிக்கும் நரசிம்மலு அதைத் தருவதாகச் சொல்வார். ஒவ்வொரு தீபாவளிக்கும் அரைக்கிலோ மைசூர்பாகு தருவார்.

இந்த வருஷம் பேச்சு வேறு மாதிரி இருந்தது. மனைவி, மகன், மகள், மாப்பிள்ளை எல்லோரையும் தன் அறையில் உட்கார்த்தி வைத்துக்கொண்டு அவளைக் கூப்பிட்டார்.

"அம்மணி, நம்ம புதுக் கம்பெனிக்குப் பேரு வேணுமுங்க. சும்மா இன்ஷியல் வேண்டாம். எக்ஸ்போர்ட்டுக்குப் போறோம், வெள்ளைக்காரன் படிச்சா விளங்கோணும். நல்ல இங்கிலீஷ் வார்த்தையா இருக்கோணும். ஆனா அதுக்குள்ள எங்க எல்லாரு எழுத்தும் இருக்கோணும்."

நரசிம்மலுவுக்கு 'என்'. மனைவி கோமளாவுக்கு 'கே'. மகன் ரோஹனுக்கு 'ஆர்'. மகள் ஷ்ரவ்யாவுக்கு 'எஸ்'. மாப்பிள்ளை ரவிதேஜாவும் 'ஆர்'தானே, ஒன்றே போதாதா என்று அன்புக்கரசி கேட்டாள். ஒரே எழுத்தில் இரண்டு ஆம்பிளைகள் எப்படி இருப்பது? ரோஹன் ஆஸ்திரேலியாவில் எம்.பி.ஏ. படித்துவிட்டு வந்தவன். ரவிதேஜா படிக்காமலே டைரக்டர் ஆனவர். இருவரும் ஒருவரையொருவர் பார்க்காமல் சுவரைப் பார்த்தார்கள். இரண்டு 'ஆர்' என்று முடிவாயிற்று.

"கண்டுபுடிச்சுக் குடுங்க அம்மணி. அன்னிக்கே உங்க பர்மனென்ட் ஆர்டர்ல கையெழுத்துப் போட்டுப்போடறேன்" என்றார் நரசிம்மலு. டைப் அடித்த தாளை மேஜை டிராயரிலிருந்து எடுத்துக் காட்டவும் செய்தார். அவள் பெயர் அதில் இருந்தது. கையெழுத்துப் போடும் இடம் மட்டும் வெறுமையாக இருந்தது.

அவள் மூன்று நாள் அகராதியோடு மல்லுக்கட்டினாள். நான்காம் நாள்தான், எழுத்துகளைத் தட்டினால் அவை வருகிற வார்த்தைகளை எல்லாம் கொட்டிக் கொடுக்கிற வலைத்தளம் ஒன்று இருப்பது தெரிந்தது. ஐந்து எழுத்தையும் தட்டினாள். முதலில் வந்தது 'டிரங்கர்ட்ஸ்'. குடிகாரர்கள். அடுத்து 'ஷ்ரிங்க்கர்ஸ்'. சுருங்கிப்போகிறவர்கள். அதற்கடுத்து 'டார்க்கனர்ஸ்'. இருட்டடிக்கிறவர்கள். இயந்திரத்துக்கு ஆள் யார் என்று தெரியாது. எழுத்தை மட்டும் பார்த்து எப்படி இவ்வளவு சரியாகச் சொன்னது என்று அவளுக்கு ஆச்சரியமாக இருந்தது.

அதற்குள் ஒரு நல்ல வார்த்தையும் கிடைத்தது. 'ஸ்பிரிங்க்ளர்'. தண்ணீர் தெளிக்கிற சமாசாரம். பம்பு விற்கிறவனுக்கு இதைவிட என்ன வேண்டும்? இரண்டு 'ஆர்' உட்பட எல்லா எழுத்தும் உண்டு. ஓடிப்போய் வெள்ளைத்தாளில் பெரிதாக எழுதிக் காட்டினாள்.

நரசிம்மலு ஒவ்வோர் எழுத்தாகப் பேனாவால் தொட்டுக்கொண்டே வந்தார். இரண்டாவது எழுத்தில் பேனா நின்றது.

"இது பி-ங்களா?"

"ஆமாங்க சார்."

"எங்கண்ணன்! நாலு வருஷம் நாயாப் பேயா அலைஞ்சு வெளிய வந்திருக்கேன், நீங்க அந்த ஆளைக் கூட்டியாந்து என்ற மகனுக்கு முன்னாடி உக்கார வெச்சுப்போட்டீங்களே அம்மணி! நாளைக்குப் போர்டைக் காட்டிப் பங்கு கேட்டா நான் என்னுங்க பண்றது?"

'பி' இருக்கவே கூடாது என்றார். யோசித்துவிட்டு, சொந்தக்காரன் இல்லாத எழுத்தே இருக்கக் கூடாது என்றார். குடும்பத்து எழுத்து ஐந்தும் வேண்டும், ஐந்தைத் தவிர வேறு வேண்டாம். அன்புக்கரசி பொறுமையாக எடுத்துச் சொன்னாள். உயிரெழுத்து இல்லாமல் ஆங்கிலத்தில் வார்த்தை வராது. ஒன்றிரண்டாவது உள்ளே இருந்தால்தான் வாயில் சொல்லவே முடியும்.

நரசிம்மலு அதைப் புரிந்துகொண்டார். தொழில் நடத்துகிறவர் அல்லவா? "அப்போ அது நம்ம ஷெட்டு ஆளுங்களாட்ட. இல்லாட்டி வேலை நடக்காது, ஆனா பங்கு கெடையாது. சரிங்க, ஒண்ணு ரெண்டு இருந்துட்டுப் போகட்டும்" என்று பெருந்தன்மையாக அனுமதித்தார்.

மேலும் நான்கு நாள் ஆயிற்று. 'நெட்வொர்க்கர்ஸ்' என்று ஒன்று வந்தது; அதில் ஆளில்லாத எழுத்து ஐந்து. 'டிரிங்க்கர்ஸ்' என்று ஒன்று. அதைக் காட்டினால் இருக்கிற வேலையும் போய்விடும். கடைசியில் வியாழக்கிழமை மத்தியானம், சாப்பாட்டு டப்பாவை மூடுகிற நேரத்தில் அந்த வார்த்தை கண்ணில் பட்டது. 'ரேங்க்கர்ஸ்'. எழுத்து ஏழே ஏழு. உபரி இரண்டே இரண்டு. கோயமுத்தூரில் எந்தப் பள்ளிக்கூடத்து பேனரைப் பார்த்தாலும் இருக்கிற வார்த்தை. அர்த்தம் சொல்லவேண்டிய அவசியமே இல்லை.

குடும்பம் கூடியது. நரசிம்மலு பேனாவால் தொட்டுக்கொண்டு வந்தார், அவர் முகம் எழுத்துக்கு எழுத்து மலர்ந்தது. முதல் எழுத்து ரோஹன், வாரிசு. நடுவில் 'என்'னும் 'கே'யும் பக்கத்தில் பக்கத்தில், புருஷனும் பெண்டாட்டியும் கல்யாண போட்டோவில் நிற்கிற மாதிரி. கடைசியில் மாப்பிள்ளை, அவரை ஒட்டி மகள். கோமளாவுக்குக் கண் கலங்கிவிட்டது. ஆங்கிலேயன் இவர்கள் குடும்பத்தை மனதில் வைத்துத்தான் இந்த வார்த்தையை உண்டாக்கியிருக்கிறான் என்று ரவிதேஜா சொன்னார். நரசிம்மலு டிராயரைத் திறந்து அந்தத் தாளை எடுத்து மேஜைமேல் வைத்தார். பேனா மூடியைக்கூடக் கழற்றிவிட்டார்.

"ஏனுங்க, இருங்க" என்றாள் கோமளா. "அப்பனுக்கும் மகனுக்கும் நடுவுல நிக்கிறது யாருங்க?"

எல்லோரும் குனிந்து பார்த்தார்கள். 'ஏ'.

ஷ்ரவ்யாதான் நிமிர்ந்து அன்புக்கரசியைப் பார்த்தாள். "அன்புக்கா, உங்க பேரு ஏ-லதானே ஆரம்பிக்குது?"

சத்தியமாக அந்த நிமிஷம் வரை அன்புக்கரசி அந்த எழுத்தைக் கவனிக்கவே இல்லை. எட்டு நாளாக அடுத்தவர் எழுத்தைத் தேடி அலைந்தவளுக்குத் தன் எழுத்து ஞாபகத்தில் எங்கே இருக்கும்? அவர்கள் சொன்ன பிறகுதான் பார்த்தாள். பார்த்ததும் அது அவளுக்குப் பிடித்துப்போயிற்று. முகத்தில் அது கொஞ்சம் தெரிந்தும் இருக்கவேண்டும். அதுதான் வினை.

கோமளா வீட்டுப் பேச்சான தெலுங்குக்கு மாறினாள். அன்புக்கரசிக்குத் தெலுங்கு தெரியாது என்பது அந்த வீட்டாரின் நம்பிக்கை. ஆறு வருஷமாக எதிரே உட்கார்ந்து கேட்கிற ஒருத்திக்குக் காது இருக்கும் என்று அவர்களுக்குத் தோன்றியதில்லை. அவள் அப்பா நஞ்சப்பன் நம் தோட்டத்தில் வரப்பு வெட்டிக்கொண்டிருந்தவன், அவன் மகளுக்கு நம் போர்டில் எழுத்தா, அதுவும் உங்களுக்கு முன்னால், உலகத்தில் இவ்வளவு வார்த்தை இருக்கும்போது இதை மட்டும் எப்படித் தேடிப் பிடித்தாள் என்று கோமளா கேட்டாள். அன்புக்கரசிக்கு ஒவ்வொரு சொல்லும் புரிந்தது. ஆனால் மேஜைமேல் தாள் இருந்தது. தெலுங்கு தெரியாதவளாகவே நின்றாள்.

நரசிம்மலு தமிழுக்கு வந்தார். இந்த ஊரில் ஆளைப் பிடித்து வெளியே தள்ளினாலும் 'ங்க' போட்டுத்தான் தள்ளுவார்கள். "தப்பா நெனச்சுக்காதீங்க அம்மணி. நீங்க வேணும்னு வெச்சீங்கன்னு சொல்லலைங்க. ஆனா வந்திருக்குதுங்களே." சொல்லிக்கொண்டே அந்தத் தாளை மறுபடி டிராயருக்குள் தள்ளினார்.

டிராயர் மூடுகிற சத்தம் கேட்டதும் அன்புக்கரசிக்குப் பதறிவிட்டது. "சார், அது என்ற எழுத்து இல்லீங்க. எல்லாருக்கும் பொதுங்க. வேணும்னா சாமி பேருன்னு வெச்சுக்கலாமுங்க" என்றாள்.

சாமி என்றதும் நரசிம்மலுவுக்கு வழி தெரிந்தது. முதலில் 'ஈ'யை எடுத்துக்கொண்டார். கோமளாவுக்கும் மாப்பிள்ளைக்கும் நடுவில் நின்ற அந்த எழுத்து ஈஸ்வரனுக்கு என்று ஒதுக்கப்பட்டது. நெற்றியில் நாமம் போடுகிற குடும்பம். ஆனாலும் அவசரத்துக்கு ஈஸ்வரன் வந்து நின்றால் வேண்டாம் என்றா சொல்வார்கள்? மாமியாருக்கும் மாப்பிள்ளைக்கும் நடுவில் கடவுள் இருப்பது நல்லதுதான். முக்கியமாக, அவர் பங்கு கேட்டு வரமாட்டார்.

"அப்போ ஏ-க்கு அலமேலுமங்கைத் தாயாருங்க சார்" என்றாள் அன்புக்கரசி.

நல்ல யோசனைதான். ஆனால் பார்த்தசாரதியின் மனைவி பெயர் அலமேலு. கோமளா நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளிவிட்டு எழுந்தே விட்டாள். தன் ஓரகத்தி பெயரைத் தன் கம்பெனியில் எழுதுவதாக இருந்தால் தான் அம்மா வீட்டுக்குப் போய்விடுவதாகச் சொன்னாள். அவளுக்கு ஐம்பத்தெட்டு வயசு. அம்மாவும் இல்லை, வீடும் இல்லை. இருந்தாலும் மிரட்டல் பலித்தது.

அப்போது ஏசிக்கு அடியில் படுத்திருந்த நாய் எழுந்து சோம்பல் முறித்தது. பழுப்பு நிற லேப்ரடார். ஷ்ரவ்யா வளர்க்கிற நாய், பகலெல்லாம் ஆபீஸில் தூங்குகிறது.

"டாடி! ஆர்ச்சி இருக்கானே!" என்று ஷ்ரவ்யா கத்தினாள்.

அறையே கைதட்டியது. ஆர்ச்சி குடும்பத்தில் ஒருவன். ஆர்ச்சி ஆண்பிள்ளை. ஆர்ச்சி வக்கீல் வைக்கமாட்டான். அப்பனுக்கும் மகனுக்கும் நடுவில் உட்கார அவனைவிடப் பொருத்தமான ஆள் யார் என்று ரவிதேஜா கேட்டார். ரோஹன் இதை வெளிநாட்டில் நல்ல பிராண்டிங் என்பார்கள் என்றான். ஆறு வருஷம் உழைத்தவளுக்கு இல்லாத எழுத்து, சோம்பல் முறித்தவனுக்கு அரை நிமிஷத்தில் கிடைத்தது. அவன் அதையும் பொருட்படுத்தாமல் மறுபடி படுத்துக்கொண்டான்.

அன்புக்கரசி கைதட்டவில்லை. டிராயரைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"குடுத்துப்போடலாமுங்க அம்மணி, நான் சொன்ன சொல்லு மாற மாட்டேன்" என்றார் நரசிம்மலு. "ஒரே ஒரு சின்ன வேலைங்க. அந்த ஏ உங்களுது இல்லைன்னு நீங்களே ஒரு வரி எழுதிக் குடுத்துருங்க. முத்திரைத்தாள்ல. பின்னாடி யாருக்கும் சங்கடம் வேண்டாம் பாருங்க."

இதை ஆங்கிலத்தில் ஒழுங்காக எழுத அந்த ஆபீஸில் வேறு ஆள் கிடையாது. ஆகவே அவளே தன் இடத்துக்குப் போய் உட்கார்ந்து டைப் அடித்தாள். 'ரேங்க்கர்ஸ் என்னும் பெயரிலுள்ள ஏ என்ற எழுத்து, திரு நரசிம்மலு அவர்களின் குடும்பத்து நாயான ஆர்ச்சியைக் குறிக்கும். அது என்னைக் குறிக்காது. அதில் எனக்கோ என் வாரிசுகளுக்கோ எந்த உரிமையும் இல்லை.' ரோஹன் பின்னால் நின்று படித்துவிட்டு, "இன்றும் என்றும்" என்று சேர்க்கச் சொன்னான். அவன் சொன்ன ஆங்கிலத்தில் ஒரு பிழை இருந்தது. அவள் அதைத் திருத்திச் சேர்த்தாள்.

கையெழுத்துப் போடும்போது ஒரு கணம் பேனா நின்றது. அவளுடைய கையெழுத்தே அந்த எழுத்தில்தான் ஆரம்பிக்கிறது. வேறு எப்படிப் போடுவது என்று தெரியாமல் அப்படியே போட்டாள். அவமானமாக இருந்தது. தன் பெயரையே திருடிக்கொண்டு ஓடுகிறவளைப் போல இருந்தது. ஆனாலும் போட்டாள். நரசிம்மலுவும் போட்டார். தாள் அவள் கைக்கு வந்தது. நிஜமான தாள், முத்திரையோடு. கழிப்பறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு இரண்டு தடவை படித்தாள். சந்தோஷம் வரும் என்று பார்த்தாள். வரவேண்டிய நேரத்தில் வராமல் அழுகை வந்தது.

மறுநாள் ஐயாசாமி கான்ட்ராக்ட் நோட்டை நீட்டவில்லை. எழுந்து நின்று, "உள்ள போங்க அம்மணி" என்றார். அதற்காகவாவது கையெழுத்துப் போட்டது சரிதான் என்று அவள் தனக்குச் சொல்லிக்கொண்டாள்.

திறப்புவிழா பத்து நாள் கழித்து நடந்தது. ஷெட் முன்னால் பந்தல் போட்டு, வாழைமரம் கட்டி, ஹோமம் முடித்து, விளம்பரத்துக்காகக் குடும்பப் படம் எடுத்தார்கள். அது ரோஹனின் ஏற்பாடு. ஆளுயரத்துக்குச் சிவப்பு எழுத்துகள் செய்யச் சொல்லியிருந்தான். அவரவர் எழுத்தை அவரவர் பிடித்துக்கொண்டு நிற்கவேண்டும். ஈஸ்வரன் எழுத்துக்கு மாலை போட்டுத் தனியாக நிறுத்தினார்கள். ஆர்ச்சிக்கு மட்டும் சின்னதாக ஓர் 'ஏ' செய்து கழுத்தில் தொங்கவிட்டார்கள்.

பங்குதாரன் உட்கார மறுத்தான். ஹோமப் புகையும் நாதஸ்வரமும் அவனுக்குப் பிடிக்கவில்லை. மூன்று தடவை ஓடிப்போய்ப் பந்தி நடக்கிற இடத்தில் இலைகளுக்கு நடுவே நின்றான். ஷ்ரவ்யா கூப்பிட்டாள், வரவில்லை. நரசிம்மலு அதட்டினார், வரவில்லை. பகலெல்லாம் யார் காலடியில் படுத்துத் தூங்கி, யார் டப்பாவிலிருந்து முட்டை வாங்கித் தின்கிறானோ அவளிடம் மட்டும்தான் வந்தான்.

"அம்மணி, நீங்க அவனைப் புடிச்சு உக்காத்துங்க" என்றார் நரசிம்மலு. "நீங்க படத்துல வரவேண்டாமுங்க. எனக்கும் ரோஹன் தம்பிக்கும் பின்னாடி, அப்படியே குனிஞ்சு உக்காந்துக்கோங்க."

அன்புக்கரசி விழாவுக்கென்று எடுத்த பச்சைச் சேலையோடு மண்ணில் குந்தினாள். அப்பனுடைய வேட்டிக்கும் மகனுடைய பேண்டுக்கும் நடுவிலிருந்த சந்தில் கையை நீட்டி, நாயின் கழுத்துப்பட்டையைப் பிடித்துக்கொண்டாள். அவன் கம்மென்று உட்கார்ந்தான். போட்டோகிராபர் எல்லோரையும் சிரிக்கச் சொன்னார். பின்னால் குனிந்திருந்தவளுக்கு அது கேட்டது.

ஞாயிற்றுக்கிழமை பேப்பரில் கால்பக்கத்துக்கு விளம்பரம் வந்தது. அன்புக்கரசியின் புருஷன் கதிரேசன், காலேஜ் பஸ் ஓட்டுகிறவர், டீ குடித்துக்கொண்டே அதை விரித்தார். ஐந்து பேர் ஐந்து எழுத்தோடு பல் தெரியச் சிரித்தார்கள். நடுவில் நாய், கழுத்தில் 'ஏ'. அதற்கு மேலே பட்டையை இறுக்கிப் பிடித்தபடி நான்கு விரல், மோதிரவிரலில் ஒரு பழைய வெள்ளி வளையம். விரலை அழித்தால் நாயின் கழுத்தும் சேர்ந்து போகிறது என்று விளம்பரம் செய்தவர்கள் அப்படியே விட்டுவிட்டார்களாம்.

கதிரேசன் பேப்பரைக் கண்ணருகே கொண்டுபோய்ப் பார்த்தார். பிறகு அடுப்படியில் நின்றவளைப் பார்த்தார்.

"ஏம்புள்ள, இந்தக் கை உன்னுதாட்ட இருக்குது?"

அன்புக்கரசி தோசையைத் திருப்பிப் போட்டாள்.

"என்னுது இல்லீங்க. இல்லைன்னு எழுதிக் கையெழுத்துப் போட்டுக் குடுத்திருக்கேன்."